மழை இல்லை, ஓட்டை இல்லை, விடிந்தால் கட்டில் ஈரம்!
கூரை பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, போன வருடம் பழைய ஆஸ்பெஸ்டாஸைக் கழற்றிவிட்டு நீல நிறத் தகர ஷீட் போட்டோம். மழைக்காலம் முழுக்க ஒரு சொட்டு ஒழுகவில்லை. மார்கழி பிறந்ததும் விடியற்காலையில் கட்டில் மேல் சொட்ட ஆரம்பித்துவிட்டது. ஷீட் போட்டவர் மூன்று முறை ஏறி, எல்லா ஸ்க்ரூ தலையிலும் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். நிற்கவில்லை. ஷீட்டே மட்டமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: அந்த ஆளை நான்காவது முறை கூரை ஏற்றாதீர்கள், அம்மணி. ஷீட்டும் நல்ல ஷீட்தான், அவர் வேலையும் சுத்தம்தான். மழைக்கு ஒழுகாத கூரை பனிக்கு ஒழுகுமா? அந்தத் தண்ணீர் மேலே இருந்து வரவில்லை. உங்கள் வீட்டுக்குள் இருந்துதான் வருகிறது.

இட்லிப் பானையைத் திறக்கும்போது மூடியின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்குமே, அதே கதைதான். உங்கள் ஷீட் மூடி, நீங்கள் எல்லோரும் இட்லி. இருபது டிகிரி சூட்டில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். பத்து டிகிரிக்கு இறங்கினால் 9 கிராம்தான். மீதி எங்கே போகும்? எது குளிர்ந்து கிடக்கிறதோ அதில் போய் ஒட்டிக்கொள்ளும். அரை மில்லிமீட்டர் தகரம்தான் வீட்டிலேயே முதலில் குளிர்வது. வானம் தெளிவாக இருக்கும் இரவில் அது தன் சூட்டை நேராக வானத்துக்கே விட்டுவிட்டு, வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கிவிடும். கவனித்துப் பாருங்கள், நட்சத்திரம் தெரிகிற இரவுக்கு மறுநாள்தான் சொட்டும். மேகம் மூடிய இரவில் அவ்வளவு இருக்காது. தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில், ஆள் இல்லாத கொட்டகைகளில், அது ஷீட்டின் அடியிலேயே உறைந்து நின்று, வெயில் பட்டதும் மொத்தமாகக் கொட்டும்.

அப்படியென்றால் பழைய கூரையில் ஏன் சொட்டவில்லை? ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் கலந்தது, கொஞ்சம் ஈரத்தைக் குடித்துக்கொண்டு பகலில் உலர்ந்துவிடும். தகரம் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. தவிர, பழைய கூரையில் இறவாணம் முழுக்க இடுக்கு இருந்திருக்கும். குளிர் வருகிறது என்று புதுக் கூரையில் அந்த அலை இடுக்குகளில் ஃபோம் வைத்து அடைத்திருப்பார்கள், இல்லையா? ஈரம் வெளியே போக இருந்த ஒரே வழி அதுதான். (அதற்காக மறுபடி ஆஸ்பெஸ்டாஸுக்குப் போகாதீர்கள். கழற்றிய துண்டுகள் தோட்டத்தில் கிடந்தால் உடைக்கவும் வேண்டாம், காய்ந்த துடைப்பத்தால் அந்தத் தூசியைக் கூட்டவும் வேண்டாம். நுரையீரலுக்கு ஆகாது.)

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். சொட்டுகிற இடத்தில் ஷீட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு, இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் துண்டை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில் உங்கள் பக்கம் பார்த்த பரப்பு நனைந்திருந்தால் வீட்டு ஈரம். பாலிதீனுக்கு மேலே தண்ணீர் தேங்கித் தொங்கினால் ஓட்டை. அப்போது ஷீட் போட்டவரைக் கூப்பிடலாம்.

அவ்வளவு ஈரம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வரும். 14.2 கிலோ சிலிண்டர் தீரும்போது ஏறத்தாழ 22 லிட்டர், அதாவது ஒரு பெரிய குடத்துக்கும் மேல். நாலு பேர் இரவு முழுக்க மூச்சு விட்டுத் தூங்கினால் ஒரு லிட்டர். வெந்நீர்க் குளியல் தனி. மலையில் நாம் செய்கிற இன்னொரு வேலை, துணி காயவில்லை என்று படுக்கையறையில் கொடி கட்டுவது. உங்கள் கட்டில் மேல்தான் சொட்டுகிறது என்றதும் எனக்கு முதலில் அந்தக் கொடிதான் ஞாபகம் வந்தது. இருந்தால் இன்றே அவிழ்த்துவிடுங்கள், காசில்லாத வைத்தியம்.

அடுத்து, சமையலறைக்கும் குளியலறைக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன். அதன் வாய் வெளியே திறக்க வேண்டும். சீலிங்குக்கு மேலே திறந்து வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். ஆவியைப் பிடித்துக் கூரைக்கு அனுப்பி வைப்பதற்கு மின்சாரச் செலவு வேறு! பிறகு இறவாணத்தில் அடைத்த ஃபோமை அங்கங்கே எடுத்து வலை அடியுங்கள், எலி வராது. முகட்டிலும் காற்று வெளியேற வழி வேண்டும். கீழே நுழைந்து மேலே போனால்தான் அது காற்றோட்டம். அறைக்குக் குளிருமே என்றால், கீழே ஒரு சீலிங் போட்டு, காற்று அதற்கு மேலே ஓடும்படி விடுங்கள்.

கையில் பணம் இருந்தால் ஷீட்டின் அடியில் ஃபாயில் முகம் வைத்த ஃபோம் ஒட்டலாம், பத்து மில்லிமீட்டராவது வேண்டும். இணைப்புகளை எல்லாம் ஃபாயில் டேப் போட்டு மூடச் சொல்லுங்கள். ஒரு விரல் இடைவெளி விட்டாலும் ஈரம் அந்த வழியாகப் போய் ஷீட்டைத் தொட்டுவிடும். இன்னும் கூரை போடாதவர்கள், இரண்டு தகடுகளுக்கு நடுவில் பஃப் (சூட்டைக் கடத்தாத ஒரு வகை ஃபோம்) வைத்து வருகிற சாண்ட்விச் பேனலை யோசிக்கலாம். விலை கடிக்கும், ஆனால் அடித்தகடு அறைச் சூட்டிலேயே இருக்கும்.

சும்மா பஞ்சை மட்டும் அடைத்துவிடாதீர்கள். குன்னூரில் என் வீட்டில் நானே செய்த முட்டாள்தனம் அது. சீலிங் பலகைக்கு மேலே கண்ணாடிப் பஞ்சைப் பரப்பினேன், கீழே பிளாஸ்டிக் விரிக்கவில்லை. அறையின் ஈரம் பலகை வழியாக ஏறி, பஞ்சைத் தாண்டி, குளிர்ந்த ஷீட்டில் தண்ணீராகி, திரும்பப் பஞ்சிலேயே விழுந்திருக்கிறது. இரண்டாவது பனிக்காலத்தில் பலகை மஞ்சள் படிந்து தொங்கியது. மாமனார் வந்து சாப்பிட உட்கார்ந்த அன்று பார்த்து, ஒரு பலகை ரசச் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது. மலையில் பிளாஸ்டிக் விரிப்பு அறைப் பக்கம் இருக்க வேண்டும், பஞ்சு அதற்கு மேலே. பத்து வருடம் வெல்டிங் பட்டறை நடத்தியவனுக்கு இது தெரியவில்லை என்பதை அவர் இன்னும் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: அண்ணா, உருளைக்கிழங்கு கோடவுன் வைத்திருக்கிறேன். மேலே ஷீட். இரவு ஷட்டரை இறக்கினால் காலையில் மேல் அடுக்கு மூட்டை நனைந்து அழுகுகிறது. தார்ப்பாய் போட்டேன், இன்னும் மோசமாகிவிட்டது.
– ஒரு வியாபாரி, மேட்டுப்பாளையம்

பதில்: கிழங்குக்கும் உயிர் இருக்கிறது தம்பி, அதுவும் மூச்சு விடும். விட விடச் சூடும் ஈரமும் வரும். தார்ப்பாய் போட்டதும் கூரையை மூட்டைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிட்டீர்கள், அவ்வளவுதான். சொட்டு இப்போது தார்ப்பாயின் அடியில் உண்டாகிறது. அதை எடுத்துவிட்டுக் காய்ந்த வைக்கோலோ காலிச் சாக்கோ இரண்டு மூன்று அடுக்கு போடுங்கள். விழுவதைக் குடித்துக்கொள்ளும். நனைந்ததைப் பகலில் மாற்றுங்கள். முழு ஷட்டருக்குப் பதில் கிரில் ஷட்டர் வைத்து, எதிர்ச் சுவரில் உயரத்தில் ஜன்னல் திறந்தால் பாதிப் பிரச்சினை போய்விடும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் ஒட்டி அடுக்காதீர்கள், கட்டை வைத்துத் தூக்குங்கள். மழையில் நனைந்து வந்த லோடை அன்றே உள்ளே வைத்துப் பூட்டினால் நான் சொன்ன எதுவும் பலிக்காது.

கேள்வி: மொட்டைமாடியில் ஷீட் அறை போட்டு ஏசி வைக்கப் போகிறோம். ஈரம் தடுக்கும் ஃபாயில் அறைப் பக்கமா, ஷீட் பக்கமா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: ஷீட் பக்கம். கோத்தகிரிக்குச் சொன்னதைத் தலைகீழாகப் படியுங்கள். அங்கே ஈரம் உள்ளிருந்து வெளியே போகப் பார்க்கிறது. உங்கள் ஊரில் கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த அறைக்குள் நுழையப் பார்க்கிறது. ஃபாயிலை அறைப் பக்கம் ஒட்டினால் சீலிங்கின் முதுகில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஷீட்டுக்கும் ஃபாயிலுக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி விட்டால் வெயில் சூடும் குறையும். அப்புறம், ஏசி ஓட ஆரம்பித்த பிறகு சீலிங்கில் சொட்டினால் கூரையைப் பிரிப்பதற்கு முன்னால் ஏசியின் டிரெயின் பைப் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.