விண்வெளிக் குளிர் கம்ப்யூட்டருக்கு உதவுமா?

கேள்வி: விண்வெளியில் டேட்டா சென்டர் வைத்தால் குளிரூட்டும் செலவே இல்லை, எந்த நாட்டுச் சட்டமும் தொடாது என்கிறார்களே?

பதில்: இரண்டுமே தவறு. சூட்டை வாங்கிக்கொண்டு போக அங்கே காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஃபேன் சுற்றிப் பயனில்லை. சூட்டைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியாக வெளியே விடும் கதிர்வீச்சு ஒன்றுதான் வழி. 27 டிகிரி செல்சியஸில் இருக்கும் கறுப்புத் தகடு, ஒரு பக்கத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 460 வாட்தான் வெளியேற்றும். 1 மெகாவாட் (10 லட்சம் வாட்) சூட்டுக்கு, இரு பக்கமும் சேர்த்தாலும், 1,000 சதுர மீட்டருக்கு மேல் தகடு வேண்டும். வெயில் பட்டால் இன்னும் அதிகம். தகட்டைச் சூடாக வைத்தால் பரப்பு குறையும். ஆனால் சிப் அதைவிடச் சூடாக ஓட வேண்டும், சீக்கிரம் கெடும். விண்வெளிப் படங்களில் இந்தத் தகடுகளைக் காட்டாமல் விடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

சட்டமும் கூடவே வரும்: 1967 விண்வெளி உடன்படிக்கையின் 8-ஆம் பிரிவுப்படி, விண்ணில் ஏவிய பொருளைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரம் அங்கேயும் செல்லும்.