கூட்டல் சரியாக இருந்த மாதத்தை யார் நினைவில் வைக்கிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 16 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சொல்லிக்கொள்ளும்படி எதையும் சாதித்ததில்லை. என் தங்கைக்கு அடுத்த மாதம் அவளுடைய துறையில் ஒரு விருது தருகிறார்கள். மகிழ வேண்டிய நேரத்தில் மனம் சுருங்கிப் போகிறது. அன்றாட வெற்றிகளை எழுதி வைக்கச் சொன்னார்களே என்று ஒரு நோட்டுப் போட்டேன். 'நேரத்துக்கு எழுந்தேன்', 'கோபப்படவில்லை' என்றெல்லாம் எழுதுவது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதுபோல் இருந்ததால் விட்டுவிட்டேன். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று நம்பி ஒரே நாளில் தொடங்கிய வாசிப்பும் நடைப்பயிற்சியும் பத்தாம் நாள் நின்றுபோயின. மாதக் கணக்கை ஒப்படைக்கும் முன் மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் கூட்டிப் பார்ப்பதைத் தவிர எனக்கென்று எந்த ஒழுங்கும் இல்லை. சின்ன விஷயங்களை வெற்றி என்று சொல்லிக்கொள்வது தோற்றவர்களுக்கான ஆறுதல்தானா? விழாவுக்குப் போகாமல் இருந்துவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த சொல் 'தவிர' என்பதுதான். 16 ஆண்டுகள் என்றால் 192 மாதக் கணக்குகள். அவை ஒவ்வொன்றையும் இரண்டு திசைகளிலும் கூட்டிச் சரிபார்த்த பிறகே உங்கள் கையை விட்டு அனுப்பியிருக்கிறீர்கள். யாரும் கேட்காதபோதும், அலுவலகம் காலியாகி விளக்குகளை அணைக்கத் தொடங்கிய நேரத்திலும், முதல் கூட்டல் சரியாகத்தான் இருக்கும் என்று உங்களுக்கே தெரிந்திருந்த நாட்களிலும் அதைச் செய்திருப்பீர்கள். இதை ஒரு 'தவிர'வுக்குள் மடித்து வைத்துவிட்டு, எனக்கென்று எந்த ஒழுங்கும் இல்லை என்று வாக்கியத்தை முடித்திருக்கிறீர்கள்.

இது உங்கள் குறை மட்டும் அன்று. பழக்கம் என்பதன் இயல்பே அப்படித்தான். ஒரு செயல் பழக்கமாக மாற மாற, அதைச் செய்வதற்குத் தேவைப்படும் கவனம் குறைந்துகொண்டே போகும் என்று உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதினார். கவனம் குறைவது நமக்கு வசதிதான், ஆனால் அதற்கொரு விலை உண்டு. நாம் எதை மிக நன்றாகச் செய்கிறோமோ அது நம் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகிறது, தட்டுத் தடுமாறிச் செய்வது மட்டும் எந்நேரமும் முன்னால் வந்து நிற்கிறது. உங்கள் தொழில் இதை இன்னும் கூர்மையாக்குகிறது. கூட்டல் பிழையானால் அன்றே தொலைபேசி ஒலிக்கும். சரியாக இருந்தால் ஒன்றுமே நடக்காது. ஒன்றுமே நடக்காமல் போன 192 மாதங்களை யாரும் மேடையேற்றிப் பாராட்டுவதில்லை. அந்த அமைதியை உண்டாக்கியவர் நீங்கள் என்பதை நீங்களும் மறந்துவிட்டீர்கள்.

சின்ன விஷயங்களைக் கொண்டாடுவது ஆறுதல்தானா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் முயன்ற வகையில் அது ஆறுதல்தான் என்றே சொல்வேன், அந்த நோட்டை நீங்கள் கைவிட்டதில் எனக்கு வருத்தமும் இல்லை. சிறு வயது முதலே விடியலில் எழுந்து பழகிய ஒருவர் 'நேரத்துக்கு எழுந்தேன்' என்று எழுதினால் அதில் வெற்றி எங்கே இருக்கிறது? நானும் ஒரு காலத்தில் இரவுதோறும் மூன்று நல்ல செய்திகள் எழுதும் வழக்கம் வைத்திருந்தேன். நான்காம் வாரத்துக்குள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதுபோல் ஆகிவிட்டது. மூன்றாவது வரி கிடைக்காத இரவில் வானிலையைப் பாராட்டி எழுதிப் படுத்த ஞாபகம் இருக்கிறது. அதன் பிறகு ஒரே வரி போதும் என்று முடிவு செய்து, அந்த வரிக்கு ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன். வேறு விதமாகச் செய்வது எளிதாக இருந்தும், அதனால் எனக்குப் பெரிய நட்டம் எதுவும் வந்திருக்காது என்று தெரிந்தும், சரியான விதத்தில் செய்தது எது என்பதை மட்டுமே அதில் எழுத வேண்டும். இந்தச் சல்லடையில் பெரும்பாலான நாட்கள் தங்குவதில்லை. தங்கியவற்றைப் படிக்கும்போது பொய் சொல்லிக்கொள்வதான கூச்சமும் வருவதில்லை. உங்கள் இரண்டாவது கூட்டல் இதில் தாராளமாகத் தேறும்.

இனி அந்த 21 நாள். இந்த எண் எங்கிருந்து கிளம்பியது என்று தெரிந்தால் உங்கள் மீதான கோபம் சற்றுத் தணியும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை மருத்துவர், மாற்றியமைக்கப்பட்ட தங்கள் முகத்துக்கு நோயாளிகள் பழகுவதற்குக் குறைந்தது ஏறத்தாழ 21 நாள் ஆவதாகக் கவனித்து, 1960-இல் எழுதினார். வாய்வழியாகப் பரவியபோது 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது, முகமும் உதிர்ந்துவிட்டது, எண் மட்டும் எல்லாப் பழக்கத்துக்கும் பொருந்தும் விதியாக எஞ்சியது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரங்கள் தொடர்ந்து கவனித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒரு செயல் யோசிக்காமலே நிகழும் நிலையை எட்ட எடுத்துக்கொண்ட காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை விரிந்து கிடந்தது (12 வாரங்களைத் தாண்டியவை கணித்துச் சொன்னவை). ஆகவே பத்தாம் நாளில் உங்களுக்கு நடைப்பயிற்சி இயல்பாக வரவில்லை என்றால், உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை, நாள்தான் ஆகவில்லை. அதே ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி, இடையில் ஒரு நாள் தவறுவது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை என்பது. நீங்கள் ஒரு நாள் விட்டதால் பத்தாம் நாளில் நின்றீர்களா, ஒரு நாள் விட்டுப்போனதே என்ற கசப்பால் நின்றீர்களா என்று நினைத்துப் பாருங்கள். இரண்டாவதுதான் காரணம் என்று பந்தயம் கட்டத் தயாராக இருக்கிறேன்.

இன்னொன்று, அந்த ஆய்வில் ஒவ்வொருவரும் தேர்ந்துகொண்டது ஒரே ஒரு செயல். அதையும் அன்றாடம் தவறாமல் நடக்கும் ஏதேனும் ஒன்றோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். நீங்களோ இரண்டை ஒரே நாளில் தொடங்கியிருக்கிறீர்கள், இரண்டுக்கும் முடிச்சு இல்லை. 'தினமும் படிப்பேன்' என்பது விருப்பம். 'இரவு கைபேசியை மின்னேற்றியில் மாட்டிய கையோடு புத்தகத்தைத் திறப்பேன்' என்பது ஏற்பாடு. வாசிப்பை மட்டும் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கம் போதும். நடை காத்திருக்கட்டும்.

ஆனால் பழக்கம் வேறு, தேர்ச்சி வேறு. திரும்பத் திரும்பச் செய்வதால் மட்டுமே ஒருவர் மேலே போய்விடுவதில்லை என்பதைப் பயிற்சி குறித்து 1993-இல் வெளியான தம் ஆய்விலிருந்து உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் தொடர்ந்து வலியுறுத்தினார். தன் குறை எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் கவனத்தைக் குவித்துச் செய்யும் பயிற்சியே திறனை உயர்த்துகிறது. உங்கள் துறையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. இரண்டு கூட்டல்களுக்கும் இடையே வரும் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்று கணக்கர்கள் முதலில் சந்தேகிப்பார்கள். 54 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. 82 என்பதை 28 என்று எழுதினால் 54. உங்களுக்கு இது தெரிந்திருக்கும். பிழையைத் திருத்தியதோடு நிற்காமல், பிழை என்ன சாயலில் வருகிறது என்று யாரோ உற்றுப் பார்த்ததால் கிடைத்த அறிவு இது. இரண்டாவது கூட்டலில் அகப்படும் பிழைகளை நீங்கள் இதுவரை திருத்திவிட்டு மறந்திருப்பீர்கள். இனி அந்த ஒற்றை வரி நோட்டில் அவற்றையும் குறியுங்கள்: எந்த வகைப் பிழை, மாதத்தின் எந்தக் கட்டத்தில், எந்த அவசரத்தில் வந்தது என்பதை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பிழை எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தெரியும், பிரிவில் புதிதாகச் சேர்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் உங்கள் கையில் ஏதோ இருக்கும்.

தங்கையின் விழாவைக் கடைசிக்குத் தள்ளினேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது. மனம் சுருங்குவதற்காக வெட்கப்படாதீர்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகபாவங்களை ஆராய்ந்து 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே கூடுதல் மகிழ்ச்சியோடு தெரிந்தார்கள். முன்னவர் கைநழுவிய தங்கத்தை நினைத்தார், பின்னவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடியதை நினைத்தார் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். உலகிலேயே இரண்டாவதாக வந்தவருக்கும் இந்தச் சுருக்கம் உண்டு என்றால், நமக்கு இருப்பதில் வியப்பில்லை. அதிலும் உங்கள் தங்கை ஓடியது வேறொரு பந்தயம். அவருடைய விருதையும் உங்கள் 192 மாதங்களையும் ஒரே தராசில் வைக்க வேண்டும் என்று உங்களைத் தவிர யாரும் கேட்கவில்லை.

விழாவுக்குப் போய் வாருங்கள். போகாவிட்டால், அந்த நாற்காலி ஏன் காலியாக இருந்தது என்று தங்கைக்குப் பல ஆண்டுகள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். கைதட்டும்போது உள்ளுக்குள் கொஞ்சம் வலித்தாலும் தட்டுங்கள். வேறு விதமாகச் செய்வது எளிதாக இருந்தும் சரியானதைச் செய்த நாளாக அது நோட்டில் இடம் பெறலாம். அன்றிரவு களைப்பாக இருந்து, படிக்கவும் எழுதவும் தோன்றவில்லை என்றால், பக்கத்தை வெறுமையாகவே விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள்.