தாக்குதல் நடந்தவுடன் ராணுவம் ஏன் திருப்பி அடிப்பதில்லை?

களியக்காவிளையில் தமிழ்நாடு–கேரள எல்லையின் இருபுறத்துத் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி எழும் கேள்வி இது. 2016இல் உரித் தாக்குதலுக்கு 11 நாட்கள், 2019இல் புல்வாமாவுக்கு 12 நாட்கள், 2025இல் பஹல்காமுக்கு 15 நாட்கள் கழித்தே இந்தியா பதிலடி கொடுத்தது. இந்த இடைவெளியைத் தயக்கம் என்று கொள்வது பொருந்தாது. தாக்கியவர்களுக்குப் புகலிடம் தந்தவர் யார் என்று உறுதிசெய்யவும், இலக்கைத் தேர்ந்தெடுக்கவும், எதிர்த்தாக்குதலைச் சமாளிக்க ஆயத்தமாகவும், ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு வழங்கும் தற்காப்பு உரிமையைப் பிற நாடுகளிடம் எடுத்துரைக்கவும் அந்த நாட்கள் தேவைப்படுகின்றன.

எல்லாப் பயங்கரவாதத்துக்கும் ராணுவம் விடையாகாது. 2020 ஜனவரியில் நம் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் காவல்துறை சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, சந்தேகிக்கப்பட்ட இருவர் ஒரு வாரத்துக்குள் உடுப்பியில் பிடிபட்டனர். வழக்கு தேசியப் புலனாய்வு முகமைக்குச் சென்றது. சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் உண்மையான விவாதமே தொடங்குகிறது.

அங்கும் கருத்தொற்றுமை இல்லை. 2008இல் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்ட பிறகும் அரசு ராஜதந்திர வழியையே தேர்ந்தது. அதைப் பலவீனம் என்பாரும் உண்டு, விவேகம் என்பாரும் உண்டு. பாகிஸ்தானைச் சர்வதேச அரங்கில் பதில் சொல்ல வைத்ததால், இரண்டாவது தரப்பில் கொஞ்சம் கூடுதல் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

முடிவெடுப்பது பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் கட்டாயமில்லை. நாளையும் இலக்கையும் ரகசியமாக வைப்பது சரியே. ஆனால் பஹல்காமுக்குப் பதிலடியான 2025 மே 7 நடவடிக்கையை நாடாளுமன்றம் விரிவாக விவாதிக்க ஜூலை இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது அதிகம்தான்.