தண்டப்பணத்தைக் கூட்டினால் தெரு திருந்துமா? கேள்வி பதில்

குப்பை, கட்டாக்காலி மாடு போன்றவற்றுக்கு உள்ளூராட்சி சபைகள் தண்டப்பணத்தைக் கூட்ட வேண்டும் என்ற பேச்சு குறித்து வந்த கேள்விகளுக்கு, உள்ளூராட்சித் துறையில் நெடுங்காலம் வேலை செய்தவரின் பதில்கள்.

கல்லடி வாசகர்: அண்ணன், மாநகரசபை அமர்வில் தீர்மானம் போட்டால் தண்டம் உடனே கூடிவிடுமா?

கூடாது தம்பி. சபை துணைவிதி, அதாவது தன் எல்லைக்குள் செல்லும் விதி, இயற்றலாம். அது மாகாண மட்டத்தில் அங்கீகாரம் பெற்று வர்த்தமானியில் வந்தால்தான் செல்லும். கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது, இன்னும் தேர்தல் இல்லை. அதனால் கோப்பு ஆளுநர் பக்கம் போகிறது. தண்டத்தின் உச்சவரம்போ 1947 ஆம் ஆண்டு மாநகரசபைகள் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. அதைத் தாண்ட வேண்டுமென்றால் அந்தச் சட்டத்தையே திருத்த வேண்டும்.

ஆரையம்பதி வாசகர்: இரவில் மாடு நடுத்தெருவில் படுத்துக் கிடக்குது. மோட்டார் சைக்கிளில் வாறவன் என்ன செய்வது?

இதில் எனக்கும் கோபம் உண்டு. மாட்டைப் பிடித்தால் அடைக்கப் பட்டி வேண்டும், தீனி, தண்ணீர், காவல் வேண்டும். மறுநாள் உரிமையாளர் வந்து பணம் கட்டி அவிழ்த்துக்கொண்டு போவார். அன்றிரவே அதே மாடு அதே சந்தியில் நிற்கும். லட்சக்கணக்கில் விலை போகும் மாட்டுக்குச் சில ஆயிரம் தண்டம் என்றால், அவருக்கு அது இன்னொரு செலவு, அவ்வளவுதான். மாட்டின் காதில் மாட்டிய அடையாள இலக்கத்தைப் பதிந்து, இரண்டாம் தடவை பிடிபட்டால் தொகையை ஏற்றுங்கள். அதுதான் உறைக்கும்.

ஆனால் ஒன்று. வயல் விதைத்த பிறகு மாடு எங்கே மேயும்? மட்டக்களப்பு மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 இல் தெருவில் இருந்து போராடினார்கள். மேய இடத்தைக் காட்டாமல் தண்டத்தை மட்டும் ஏற்றுவது நியாயமில்லை.

கல்முனை வாசகர்: குப்பைக்கு?

தாராளமாக ஏற்றலாம், முதலில் மூட்டை மூட்டையாகக் கொட்டும் வியாபார நிலையங்களுக்கு. அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று யானைகள் செத்ததைப் பார்த்த மாவட்டம் இது. ஆனால் குப்பை வண்டி ஒழுங்காக வராத ஒழுங்கையில் தண்டம் எழுத எந்தச் சபைக்கும் முகம் இருக்கக் கூடாது.

காத்தான்குடி வாசகர்: ஹோட்டல் அசுத்தத்துக்கும் இதே துணைவிதியா?

பெரும்பாலும் இல்லை. பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், 1980 ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவார்.

களுவாஞ்சிக்குடி வாசகி: கட்டுகிற பணம் யாருக்குப் போகுது சேர்?

வழக்கில் தண்டம் விதிப்பவர் நீதவான், தங்கச்சி. அந்தப் பணம் பிறகு சபைக்கு வருமானமாக வருகிறது. வருமானத்துக்காகத்தான் பிடிக்கிறார்களோ என்று சனம் சந்தேகப்படுவதும் அதனால்தான். எத்தனை வழக்கு, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று 2016 ஆம் ஆண்டு தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி சபைக்கு எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தகவல் உத்தியோகத்தர் தீர்மானித்துச் சொல்ல வேண்டும்.