எல்லோரும் கருத்து சொன்னீர்கள், தம்பியைக் கேட்டீர்களா?

கேள்வி: மதுரை திருநகரில் இருக்கிறோம். என் தம்பிக்கு 23 வயது. போன வருஷம் காதில் குரல் கேட்கிறது, தெருவில் எல்லோரும் என்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் சேர்த்தோம். அம்மா கூடவே இருந்தார். இப்போது தேறி, மாத்திரையோடு வீட்டில் இருக்கிறான். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி, ‘அசைலம்’ என்ற பழைய இங்கிலீஷ் பேய்ப்படத்தை டிவியில் போட்டார்கள். மனநல மருத்துவமனைக்குள் நடக்கும் நாலு கதைகள். புது மண்டபத்தில் தையல் மெஷின் போட்டிருந்த சித்தப்பாவுக்குத் தையல்காரர் கதைதான் பிடித்தது. அத்தை மகன் பொம்மைக் கதையைப் பார்த்துச் சிரித்தான், ஃப்ரீசர் கதைதான் படமே என்றான். முடிவைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றார் என் கணவர். நோயாளிகளை இப்படிக் காட்டுவது பாவம் என்று அத்தாச்சி சண்டைக்கே வந்துவிட்டார். எனக்குப் படம் பிடித்திருந்தது, அதுதான் உறுத்துகிறது. நடுவில் அத்தை மகன் தம்பியைப் பார்த்து, “உன்னையும் இப்பிடித்தான் பூட்டி வச்சிருந்தாய்ங்களாடா?” என்று கேட்டான். தம்பி எழுந்து மாடிக்குப் போய்விட்டான். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை, அடுத்த ரிவ்யூவுக்கு வரமாட்டேன் என்கிறான். அந்தப் படத்தைப் போட்டது தப்பா? எனக்குப் பிடித்தது தப்பா? அத்தை மகனிடம் என்ன சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சித்தப்பா, அத்தை மகன், உங்கள் கணவர், அத்தாச்சி, நீங்கள் என்று ஐந்து பேர் அந்தப் படத்தைப் பற்றி என்ன நினைத்தீர்கள் என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அறையில் ஆறாவதாக ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வார்டு எப்படி இருக்கும் என்று உடம்பாலும் மனசாலும் தெரிந்தவர்களில் அவரும் ஒருவர். படம் எப்படியிருந்தது என்று அவரை யாரும் கேட்கவில்லை. நீங்களும் கேட்டதாகத் தெரியவில்லை. அதை அப்புறம் பேசுவோம்.

முதலில் படம். அது 1972-இல் இங்கிலாந்தில் எடுத்தது. ராய் வார்ட் பேக்கர் இயக்கம். எழுதியவர் ராபர்ட் ப்ளாக். ஹிட்ச்காக் எடுத்த ‘சைக்கோ’வுக்கு மூலமான நாவலை எழுதியவரும் இவர்தான். தயாரித்த அமிகஸ் கம்பெனிக்கு நாலைந்து குட்டிக் கதைகளை ஒரே படமாகக் கோத்து எடுப்பது கைவந்த கலை. வேலை கேட்டு ஓர் இளம் டாக்டர் மனநல மருத்துவமனைக்கு வருகிறார். அங்கே தலைமை டாக்டராக இருந்த ஸ்டார் என்பவரே இப்போது நோயாளியாக மாடியில் இருக்கிறார். நோயாளிகளிடம் பேசி அவர்களில் ஸ்டார் யார் என்று கண்டுபிடித்தால் வேலை. முடிவை நான் சொல்லப் போவதில்லை, இன்னும் பார்க்காதவர்கள் இருப்பார்கள். உங்கள் கணவர் ஏமாந்ததில் ஆச்சரியமில்லை.

சித்தப்பா நல்ல ரசிகர். அந்தத் தையல்காரர் புரூனோ கடை வாடகை கொடுக்க முடியாமல் திண்டாடுகிறார், வீட்டுக்காரர் வந்து கெடு வைக்கிறார். அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் விசித்திரமான துணியோடு வருகிறார், சொன்ன நேரத்தில் மட்டும்தான் தைக்க வேண்டும், கூலி நிறையத் தருகிறேன் என்கிறார். கைத்தொழில் செய்து வாடகைப் பாக்கியோடு ராத்திரி கண்விழித்தவர்களுக்கு அந்தக் கதையில் பயத்தை விட உண்மைதான் முதலில் தெரியும். அந்தப் பெரியவராக வருபவர் பீட்டர் குஷிங். செத்துப்போன மகனைத் திரும்பக் கொண்டுவரத் துடிக்கும் அப்பா வேடம். 1971 ஜனவரியில்தான் குஷிங்கின் மனைவி ஹெலன் இறந்திருந்தார். மறுவருஷம் வந்த படம் இது. அந்த முகத்தில் இருக்கும் துக்கம் வேடத்துக்காக மட்டும் போட்டுக்கொண்டது என்று என்னால் நம்ப முடியவில்லை. சித்தப்பாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

அத்தை மகன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பொம்மைகள் நடந்து வருவது இன்றைய கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். ஃப்ரீசர் கதையில், கணவன் கொன்று வெட்டி ஃப்ரீசரில் வைத்த மனைவியின் தலை, பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கட்டியபடியே மூச்சு விடுகிறது, காகிதம் உள்ளே ஒட்டி ஒட்டி வெளியே உப்புகிறது. ரத்தமே காட்டாமல் வயிற்றைக் கலக்கும் இடம் அது. ரசித்தது தப்பில்லை. உங்களுக்குப் பிடித்ததும் தப்பில்லை. கோடாங்கிச் சத்தத்துக்கும் பேய்க்கதைக்கும் பயந்துகொண்டே பாட்டி மடியில் படுத்துக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்.

அத்தாச்சி சொன்னதை மட்டும் லேசாக விட்டுவிடாதீர்கள். அவர் கோபப்பட்டது படம் முழுக்கவா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்றாவது கதைக்காக என்றால் நானும் அவர் பக்கம்தான். ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பிய பெண் பார்பரா. அண்ணன் இருக்கிறார், பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸை வைத்திருக்கிறார், பெண் மாத்திரை சாப்பிடுகிறாள். லூசி என்ற தோழி வருகிறாள். அப்புறம் கொலை. யார் செய்தது என்பது கண்ணாடியில் தெரிகிறது: லூசி என்று தனியாக யாரும் இல்லை, பார்பராவுக்குள் இருக்கும் இன்னொரு ஆள்தான் அவள். உங்கள் தம்பி அப்போது எப்படி உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அவரும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், அவரும் மாத்திரை சாப்பிடுபவர், அவருக்கும் கூடப் பிறந்தவர் பக்கத்தில் இருக்கிறார். அந்த மூன்றையும் வைத்துக் கட்டிய கதை கொலையில் போய் முடிகிறது.

இது அவருடைய நோயே இல்லை என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஓர் ஆளுக்குள் இரண்டு ஆள் என்பது சினிமாவுக்குப் பிடித்த விஷயம். காதில் குரல் கேட்பது, பிறர் தன்னையே பேசுவதாகத் தோன்றுவது வேறு. இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களை அடிப்பதை விட மற்றவர்களிடம் அடிபடுவதும் ஏமாறுவதும்தான் அதிகம். மனநலத் துறையில் இருப்பவர்கள் பல வருஷமாகச் சொல்லிவரும் விஷயம் இது.

படத்தில் இன்னொன்றையும் கவனித்தேன். அந்த இளம் டாக்டர் ஒவ்வோர் அறையாகப் போய் உட்கார்ந்து, நோயாளி சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிறார். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதற்காகக் கேட்கிறார்? இவர்தான் ஸ்டாரா, அவர்தான் ஸ்டாரா என்று பிடிக்க. வேலை கிடைக்க. கேட்டு முடித்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார். பார்க்க வரும் சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. மனசு கனத்தது எனக்கு அங்கேதான், பொம்மையிடமோ ஃப்ரீசரிலோ இல்லை.

உங்கள் வீட்டில் நடந்தது வேறு. அம்மா கூடவே இருந்தார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. சென்னையில் 1794-இல் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கினார்கள், பிறகு அது கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் நாடு முழுக்கவே மதில் கட்டி, சொந்தக்காரர்களைப் பிரித்துத் தனியாக வைப்பதுதான் வழக்கம். 1950-களில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற டாக்டர் ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரம் போட்டு, நோயாளியின் வீட்டாரையும் கூடவே தங்க வைத்தார். வேலூரிலும் அதே காலத்தில் அந்த வழி வந்தது. பொது மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு வந்தபோது, காய்ச்சல்காரர் பக்கத்தில் இருப்பதுபோல இந்த நோயாளி பக்கத்திலும் அம்மாவோ அக்காவோ இருப்பது நடைமுறையாயிற்று. உங்கள் அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தாரே, அந்தக் காட்சி இந்தப் படத்தில் எங்கேயும் வராது.

பூட்டி வைத்தார்களா என்று அத்தை மகன் கேட்டார். பூட்டி வைத்த கொடுமை நம் பக்கத்தில் நடந்திருக்கிறது. இங்கிருந்து தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. 28 பேர் செத்துப்போனார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. அவர்களில் பலரை அங்கே கொண்டுவந்து விட்டது அவரவர் வீட்டு ஆட்கள்தான். வேறு வழி தெரியாதவர்களும் உண்டு, பயந்தவர்களும் உண்டு. நோயாளியைக் கண்டால் பயப்பட வேண்டும் என்ற எண்ணம் ஊரில் பரவினால் அதன் விலையை நோயாளிதான் கொடுக்கிறார் என்பதற்கு இதை விட என்ன சொல்ல? 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. தனியறையில் அடைத்து வைப்பதும் கூடாது. மயக்க மருந்து இல்லாமல் ‘கரண்ட் வைப்பதும்’ கூடாது.

ஆகவே அத்தை மகனிடம் சண்டை போடாதீர்கள், சும்மாவும் விடாதீர்கள். தம்பி இல்லாத நேரமாகப் பார்த்து, “நீ கேட்டது அவனுக்கு வலிச்சிருச்சுப்பா. அம்மா அங்கதான் கூட இருந்தாங்க, யாரும் பூட்டல. உனக்குத் தெரியணும்னா தனியா அவன்கிட்டயே கேளு, பத்துப் பேர் முன்னாடி கேக்காத” என்று சொன்னால் போதும். அவர் சின்ன வயசுக்காரர், தெரியாமல் கேட்டிருப்பார். தம்பியிடம் வந்து ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள். மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஜிகர்தண்டா குடிக்கக் கூட்டிக்கொண்டு போனாலே தம்பிக்குப் புரியும்.

இனி தம்பி. “மாத்திரை போட்டியா?”, “தூங்குனியா?” என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. நோய் வந்த ஆளிடம் கருத்துக் கேட்கும் வழக்கமே போய்விடுகிறது. எந்தச் சேனல், எந்தக் குழம்பு, எந்தச் சட்டை, எதற்கும் கேட்பதில்லை. மாடியில் போய் உட்காருங்கள். “அன்னைக்கு எல்லாரும் ஒவ்வொண்ணு சொன்னாய்ங்க, உனக்கு எந்தக் கதை எப்படி இருந்துச்சு?” என்று கேளுங்கள். அவருக்கும் பொம்மைக் கதை சிரிப்பாக இருந்திருக்கலாம். மூன்றாவது கதை அறுத்திருக்கலாம். எரிச்சலாக ஏதாவது சொன்னாலும் மறுக்க வேண்டாம், டாக்டருக்குச் சொல்வதற்காக மனசுக்குள் குறித்துக்கொண்டு கேட்கவும் வேண்டாம். பேசப் பிடிக்கவில்லை என்றால் இன்னொரு நாள் கேளுங்கள்.

ரிவ்யூவைத் தள்ளிப்போட விடாதீர்கள். ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். படமோ அத்தை மகனோதான் காரணம் என்று வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாத்திரைகளில் சிலது தூக்கம் அள்ளும், உடம்பு போடும், கை நடுங்கும், அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ரிவ்யூவே வேண்டாம் என்பவர்கள் உண்டு. அப்படியானால் அளவையோ மருந்தையோ டாக்டர் மாற்றித் தருவார். தானாக நிறுத்தினால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஓ.பி. சீட்டை அவர் கையிலேயே கொடுங்கள், டாக்டரிடம் முதலில் அவரே பேசட்டும், நீங்கள் பின்னால் சேர்த்துச் சொல்லலாம். நடுவில் தூக்கம் குறைந்தாலோ, தனியாகச் சிரிப்பது பேசுவது தெரிந்தாலோ, சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு வார்த்தை வந்தாலோ ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே கூட்டிக்கொண்டு போங்கள். ராத்திரியில் என்ன செய்வதென்று தெரியாமல் போனால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய்யுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

வீட்டில் இனிமேல் பேய்ப்படமே போடக்கூடாதா என்று அடுத்து கேட்பீர்கள். போடலாம். அவரிடமும் கேட்டுவிட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் வேறு படம். சரி என்றால் பகலில் போடுங்கள், அவர் மாத்திரை போட்டுத் தூங்கும் நேரத்தில் வேண்டாம்.