பண்டிலில் எது பெருகும், எது பெருகாது?

கேள்வி: சிசிடிவி கேமரா விற்கும் கடையில் ஆறு வருடமாக எக்செலில் கொட்டேஷன் போடுகிறேன். வேறு வேலைக்குப் போகலாம் என்று சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனத்தின் கொட்டேஷன் சாஃப்ட்வேரான சிபிக்யூவில் ஸ்பெஷலிஸ்ட் தேர்வு எழுதினேன். தேறவில்லை. பண்டில் (பல பொருள்களை ஒரே செட்டாக விற்பது) பகுதியில்தான் மார்க் மிகவும் குறைவு. ஆப்ஷன் டைப், கன்ஸ்ட்ரெயின்ட், ப்ராடக்ட் ரூல் எல்லாம் படித்தேன். ஆனால் கேள்வியைப் பார்த்ததும் எது எங்கே வரும் என்று குழம்பிவிடுகிறது. மனப்பாடம் செய்ய ஏதாவது வழி உண்டா மேடம்?
– வாசகி, கோவை

பதில்: மனப்பாடத்தை விடுங்கள். ஆறு வருடம் கேமரா செட்டுக்கு விலை போட்டவருக்குப் பண்டில் ஏற்கெனவே தெரியும். சாஃப்ட்வேரில் அதற்கு வைத்திருக்கும் பெயர்கள்தான் புதிது.

ஒரு நோட்டில் உங்கள் கடை செட்டையே எழுதுங்கள். மேலே ‘அலுவலக கேமரா செட்’. அதன் கீழே ரெக்கார்டர், கேமரா, ஹார்ட் டிஸ்க், பிஓஇ ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிளிலேயே கேமராவுக்கு மின்சாரமும் தருவது), பொருத்தும் கூலி, ஊழியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. இவை ஒவ்வொன்றும் தனி ப்ராடக்ட். அதை செட்டோடு கோர்க்கிற பதிவு (ரெக்கார்டு)தான் ப்ராடக்ட் ஆப்ஷன். அதே ஹார்ட் டிஸ்க் ஒரு செட்டில் கட்டாயமாகவும் இன்னொரு செட்டில் விருப்பமாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால்தான் செலக்டெட், ரிக்வயர்டு, பண்டில்டு என்ற டிக் எல்லாம் ஆப்ஷனில் இருக்கின்றன. செலக்டெட் போட்டால் டிக் முதலிலேயே விழுந்திருக்கும், விற்பனையாளர் வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ரிக்வயர்டு போட்டால் எடுக்க முடியாது. ஆனால் கட்டாயம் என்பதால் அது இலவசம் ஆகிவிடாது, விலை சேரும். செட் விலைக்குள்ளேயே அடங்கி, தனக்கென்று பூஜ்யம் காட்டுவது பண்டில்டுதான்.

அடுத்தது டைப். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் ப்ராஜெக்டில் நான் தவறியது இங்கேதான். ஒரு வாடிக்கையாளர் 12 கிளைகளுக்கு 12 செட் கேட்டிருந்தார். பயிற்சி எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாள். அந்த ஆப்ஷனின் டைப்பை நான் காம்பொனன்ட் என்று வைத்துவிட்டேன். கொட்டேஷனில் 12 நாள் பயிற்சிக்குப் பணம் சேர்ந்து, அந்தக் கொட்டேஷன் அப்படியே அவர் கைக்குப் போய்விட்டது. அவர் போன் செய்து கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. அன்றிலிருந்து எந்த ஆப்ஷனைத் தொட்டாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: செட் இரண்டானால் இதுவும் இரண்டாக வேண்டுமா?

ஆம் என்றால் காம்பொனன்ட். செட்டுக்கு 4 கேமரா, வாங்குவது 3 செட் என்றால் 12 கேமரா. இல்லை என்றால் ஆக்சஸரி. எத்தனை செட் வாங்கினாலும் பயிற்சி 1 என்று போட்டது 1 ஆகவே நிற்கும். ரிலேட்டட் ப்ராடக்ட் என்ற மூன்றாவது வகையிலும் இந்தப் பெருக்கல் கிடையாது. தேர்வுக் கேள்வியில் ‘ஒவ்வொன்றுக்கும்’ என்ற பொருளில் ஒரு சொல் எங்கேயாவது இருக்கும். அதன் கீழே கோடு போடுங்கள்.

சரி, தடுப்பு விஷயத்துக்கு வருவோம். உங்கள் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரே தேவையை இரண்டு மூன்று விதமாகச் செய்ய முடியும். நான்கு விடைகளும் சரிபோலவே தோன்றும். அவற்றில் வேலையை முடிக்கக்கூடிய மிக எளிய கருவியைத் தேர்ந்தெடுங்கள்.

டிவிஆர், என்விஆர் என்ற இரண்டு வகை ரெக்கார்டர்களில் ஒன்றுதான் வேண்டுமா? இரண்டையும் ‘ரெக்கார்டர்’ என்ற ஃபீச்சரில் (பண்டிலுக்குள் ஆப்ஷன்களின் குழு) போட்டு, மினிமம் ஆப்ஷன்ஸ் 1, மேக்ஸிமம் ஆப்ஷன்ஸ் 1 என்று வையுங்கள். இதற்கு ரூல் தேவையே இல்லை. இங்கே ஒரு வழுக்கல் உண்டு: இந்த வரம்பு எத்தனை ஆப்ஷன் என்பதை எண்ணும், எத்தனை பீஸ் என்பதை எண்ணாது. பீஸுக்கான வரம்பு அந்தந்த ஆப்ஷனின் மினிமம், மேக்ஸிமம் குவான்டிட்டியில் இருக்கிறது.

என்விஆர் எடுத்தால்தான் பிஓஇ ஸ்விட்சைத் தேர்ந்தெடுக்க முடிய வேண்டுமா? ஆப்ஷன் கன்ஸ்ட்ரெயின்ட், டைப் டிபென்டென்சி. என்விஆர் கட்டுப்படுத்துவது, ஸ்விட்ச் கட்டுப்படுவது. டிவிஆர் எடுத்தால் ஸ்விட்ச் கூடாது என்று எழுதினால் அது எக்ஸ்க்ளூஷன். இன்னொன்று, டிபென்டென்சி அனுமதிதான் தரும், பொருளைத் தானாகச் சேர்க்காது. ‘என்விஆர் எடுத்தவுடன் ஸ்விட்ச் தானே சேர வேண்டும்’ என்று கேள்வி வந்தால் அது செலக்ஷன் வகை ப்ராடக்ட் ரூலின் வேலை. இந்த ஒரு வித்தியாசத்தில் மார்க்கை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இப்போது 4 சேனல் ரெக்கார்டர், அதாவது 4 கேமரா வரை மட்டுமே இணைக்கக்கூடியது. ஒரே மாதிரி கேமரா மட்டும் விற்றால் மேக்ஸிமம் குவான்டிட்டி 4 போதும். டோம், புல்லட் என்று இரண்டு வகை இருந்தால்? 3 டோம், 2 புல்லட் எடுத்தால் தனித்தனியாக வரம்புக்குள்தான் இருக்கும், கூட்டினால் 5. இந்தக் கூட்டலைச் செய்ய சம்மரி வேரியபிள் வேண்டும். அதை வைத்து வேலிடேஷன் ரூல் எழுதினால் திருத்தும்வரை சேமிக்க விடாது. அலர்ட் ரூல் எச்சரித்துவிட்டுத் தொடர விடும். ரூலை எழுதியதும் கான்ஃபிகரேஷன் ரூல் ரெக்கார்டு வழியாகப் பண்டிலோடு இணைக்க மறக்காதீர்கள். இணைக்காவிட்டால், எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் அந்தப் பண்டிலில் ஓடாது.

60 கேள்விக்கு 105 நிமிடம், அதாவது கேள்விக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. கேள்விகளில் வரும் யுனிவர்சல் கன்டெய்னர்ஸ் என்ற கற்பனை நிறுவனத்தின் இடத்தில் உங்கள் கடையை வைத்துப் படித்துப் பாருங்கள். விடை உங்கள் அனுபவத்திலிருந்தே வரும்.

கேள்வி: வீட்டில் இலவசமாகப் பயிற்சி செய்ய வழி உண்டா? டெவலப்பர் அக்கவுன்ட் திறந்தேன், பண்டில் சம்பந்தமாக எதையும் காணோம்.
– வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் திறந்ததுபோன்ற சாதாரண டெவலப்பர் ஆர்க்கில் (சேல்ஸ்ஃபோர்ஸ் அக்கவுன்டை அப்படித்தான் அழைப்பார்கள்) சிபிக்யூ இருக்காது, அது தனியாக நிறுவ வேண்டிய பேக்கேஜ். சேல்ஸ்ஃபோர்ஸின் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டின் சிபிக்யூ பாடங்களில், பேக்கேஜ் ஏற்கெனவே நிறுவப்பட்ட சிறப்பு ஆர்க்கை இலவசமாகத் தருகிறார்கள். அதில் பதிவு செய்யுங்கள். உள்ளே ஃபீல்டு பெயர்கள் எஸ்பிக்யூக்யூ என்று தொடங்குவதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம். இது முதலில் ஸ்டீல்பிரிக் என்ற நிறுவனத்தின் சாஃப்ட்வேர். 2015 டிசம்பரில் அதை வாங்குவதாக சேல்ஸ்ஃபோர்ஸ் அறிவித்தது. பழைய பெயரின் எழுத்துகள் அப்படியே தங்கிவிட்டன.

கேள்வி: சேல்ஸ்ஃபோர்ஸின் புதிய கொட்டேஷன் சாஃப்ட்வேரான ரெவென்யூ கிளவுட் வந்த பிறகும் சிபிக்யூ படிப்பது வீணில்லையா?
– வாசகர், சென்னை

பதில்: புதிய வாடிக்கையாளர்களுக்கு சிபிக்யூ விற்பதை 2025-இல் நிறுத்திவிட்டார்கள், உண்மைதான். இன்று முதல் பாடத்தைத் தொடங்குகிறவர் என்றால் ரெவென்யூ கிளவுடிலிருந்தே தொடங்குங்கள் என்பேன். பாதி தூரம் வந்துவிட்டவர் நிறுத்த வேண்டாம். பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் இதில்தான் கொட்டேஷன் போடுகிறார்கள். அவர்களைப் புதியதற்கு மாற்றும் வேலைக்கு இரண்டும் தெரிந்த ஆள் வேண்டும். அங்கேயும் பண்டில் உண்டு, பண்டிலுக்குள் குழு உண்டு, குறைந்தது இத்தனை அதிகம் இத்தனை என்ற வரம்பும் உண்டு.