பழைய சொகுசு செடான் ஏன் இவ்வளவு மலிவு? ஊட்டி ரோட்டுக்கு எதை எடுக்கலாம்?

காரணம் தேய்மானம், அதாவது வருடாவருடம் வண்டியின் மதிப்பு குறைவது. ஆனால் சரிவது கார் விலை மட்டும்தான், உதிரிபாகம் இன்னும் சொகுசு கார் விலைதான். குன்னூரில் பழைய எஸ்டேட் பங்களா சல்லிசான வாடகைக்குக் கிடைத்து, ஒழுகும் கூரையை நம் செலவில் மாற்றுகிற கதை.

வேகமும் வேண்டுமென்றால், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ எஞ்சின் பாருங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெல்லியது, டர்போ இல்லாதது கொஞ்சம் இளைக்கும். குலுங்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் சாதா ஸ்பிரிங்கே போதும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் என்றால் ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் பாருங்கள், ஒரு மூலை தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் அந்தப் பை கசிகிறது (மாற்றும் செலவைக் கேட்டால் ஊட்டிக் குளிரிலும் வேர்க்கும்). அப்புறம் குன்னூர் மலைப்பாதையில் உள்ள பர்லியாறிலிருந்து ஏற்றிப் பார்த்து, இறங்கும்போது பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் அதிர்கிறதா என்று கவனியுங்கள்.

கிலோமீட்டர் கம்மி, ஷெட்டிலேயே நின்றது, அதனால் புதுசு மாதிரி என்று பலர் நம்புகிறார்கள். நின்ற வண்டியிலும் ரப்பர் இறுகும், டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் அது தயாரான வாரமும் வருடமும் தெரிந்துவிடும்.